அமெரிக்காவில் வாங்கிய சிறு விமானத்தை ஜெர்மனியில் பதிவு செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செஸ்னா 172, பைப்பர் பி.ஏ.-28 போன்ற பழைய நான்கு இருக்கை விமானங்கள் அமெரிக்காவில் ஏராளமாக விற்பனைக்கு வருகின்றன. வாங்குவது சுலபம், கடல் தாண்டிக் கொண்டுவருவதும் முடிகிற காரியம்தான். வந்த விமானத்தை ஹேங்கரில் மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது பெரும்பாலும் காகிதங்கள். அமெரிக்காவிலேயே சரிசெய்திருக்கக்கூடிய ஒரு குறை, கப்பலேறிய பிறகு பல மடங்கு செலவு வைக்கும். கீழே உள்ள பதில்கள் அமெரிக்கப் பதிவிலிருந்து ஜெர்மன் பதிவுக்கு மாற்றுவதைப் பற்றியவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்ற நாடுகளிலும் அடிப்படை விதிகள் இவைதான். அலுவலகமும் படிவங்களும் மட்டும் மாறும்.

இதில் எந்த அலுவலகத்துக்கு என்ன வேலை?

விமானத்தின் வடிவமைப்பும் அதில் செய்த மாற்றங்களும் ஐரோப்பாவில் செல்லுமா என்று தீர்மானிப்பது கொலோன் நகரில் இருக்கும் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈயாசா. 2003 செப்டம்பர் 28 முதல் அந்தப் பொறுப்பு அதனிடம் இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் குறிப்பிட்ட விமானத்துக்குப் பதிவெண், பறப்புத் தகுதிச் சான்றிதழ், ஒலிச் சான்றிதழ் ஆகியவற்றைத் தருவது பிரவுன்ஷ்வைக்கில் உள்ள ஜெர்மன் விமானத் துறை அலுவலகமான எல்.பி.ஏ. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் நிறைய நேரம் வீணாகிறது. ஈயாசா ஒப்புதல் இல்லாத ஒரு மாற்றத்தை எல்.பி.ஏ. அதிகாரியால் தயவு காட்டி அனுமதிக்க முடியாது. அதற்கான அதிகாரம் அவரிடம் இல்லை.

எந்த விமானத்தை வாங்கினாலும் பதிவு செய்ய முடியுமா?

முடியாது. முதலில், அந்த மாடலின் வடிவமைப்புக்கு ஈயாசா தரும் ஒப்புதலான வகைச் சான்றிதழ் இருக்க வேண்டும். 172, பி.ஏ.-28 போன்றவற்றுக்கு இருக்கிறது. ஆனால் அதே தொடரின் எல்லா மாடல்களும் எல்லா வரிசை எண்களும் அதில் அடங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வகைச் சான்றிதழின் தரவுத்தாள் ஈயாசா தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மாடல், வரிசை எண், இன்ஜின், ப்ரொப்பெல்லர் நான்கையும் அதில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் விலை பேச வேண்டும்.

அமெரிக்காவில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று பதிவான, வீட்டில் கட்டிய விமானங்களை விட்டுவிடுங்கள். அவை ஈயாசா வரம்புக்கு வெளியே, அந்தந்த நாட்டின் சட்டத்துக்குள் வருகின்றன. கட்டும்போதே மேற்பார்வை நடந்திருக்க வேண்டும் என்று ஜெர்மனி எதிர்பார்க்கிறது. கட்டி முடித்து விற்பனைக்கு வந்ததை அந்த வழியில் கொண்டுபோவது நடைமுறையில் நடக்காது. அமெரிக்க 'லைட் ஸ்போர்ட்' விமானங்களிலும் இதே எச்சரிக்கை தேவை. தயாரிப்பாளர் தாமே இணக்கம் அறிவித்து விற்ற விமானத்துக்கு, அந்த அறிவிப்பை மட்டும் வைத்து ஐரோப்பிய பறப்புத் தகுதிச் சான்றிதழ் கிடைக்காது.

என்னிடம் இந்திய பாஸ்போர்ட் இருக்கிறது, ஜெர்மனியில் வசிக்கிறேன். என் பெயரில் பதிவு செய்யலாமா?

ஜெர்மன் விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, உரிமையாளர் ஜெர்மன் குடிமகனாகவோ ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனாகவோ இருக்க வேண்டும் என்கிறது. நிறுவனம் என்றால் பெரும்பான்மைப் பங்கு அப்படிப்பட்டவர்கள் கையில் இருக்க வேண்டும். விதிவிலக்குக்கு வழி உண்டு, ஆனால் அது தானாக வருவதல்ல. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் எல்.பி.ஏ.யிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிவிட வேண்டும்.

வாங்குவதற்கு முன் எந்தக் காகிதங்களைப் பார்க்க வேண்டும்?

விற்பவர் தரும் லாக் புக்குகளோடு, அதாவது பராமரிப்புப் பதிவேடுகளோடு, நின்றுவிடாதீர்கள். அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ., ஓக்லஹோமா சிட்டியில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கோப்பு வைத்திருக்கிறது. சிறு கட்டணம் செலுத்தினால் யாருக்கும் அதன் நகல் கிடைக்கும். அதில் இரண்டு பகுதிகள். ஒன்று உரிமை மாறிய வரலாறும் அடமானங்களும். இன்னொன்று பறப்புத் தகுதி சார்ந்த பதிவுகள். பெரிய பழுதுபார்ப்பு, பெரிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் தாக்கல் செய்த 337 எண் படிவம் இந்த இரண்டாவது பகுதியில் இருக்கும்.

இப்போது மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கோப்பில் உள்ள 337 படிவங்கள், லாக் புக் பதிவுகள், விமானத்தில் கண்ணுக்குத் தெரியும் பொருட்கள். மூன்றும் பொருந்தாத இடத்தில்தான் பிரச்சினை உட்கார்ந்திருக்கும். ஆட்டோபைலட் மாட்டியிருக்கும், படிவம் இருக்காது. இறக்கை மாற்றியதாகப் படிவம் இருக்கும், அந்த வருடத்து லாக் புக் தொலைந்திருக்கும். பழைய கடன் எப்போதோ அடைந்திருக்கும், ஆனால் வங்கி விடுவிப்புக் கடிதத்தைத் தாக்கல் செய்திருக்காது. அந்த வங்கியே இன்று இல்லாமலும் போயிருக்கலாம். கோப்பில் அடமானம் நிலுவையாக இருக்கும்வரை, கடன் கொடுத்தவரின் சம்மதமோ தீர்ந்ததற்கான அத்தாட்சியோ இல்லாமல், ஏற்றுமதிக்காகப் பதிவை நீக்க எஃப்.ஏ.ஏ. சம்மதிக்காது. இதைத் தீர்த்து வைப்பது விற்பவரின் வேலை என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மாற்றம் ஐரோப்பாவில் ஏன் செல்லாது?

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. விமானத்தின் தயாரிப்பாளர் அல்லாத ஒருவர் வடிவமைத்த மாற்றத்துக்கு எஃப்.ஏ.ஏ. தரும் ஒப்புதல் எஸ்.டி.சி. எனப்படும். அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்த விமானப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2011 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பலனாக அமெரிக்க எஸ்.டி.சி.யை ஈயாசா ஏற்பது சுலபமானது. ஆனால் யாராவது விண்ணப்பித்தால்தான் அது நடக்கும். உலகெங்கும் ஆயிரக்கணக்கில் விற்ற மாற்றங்களுக்குப் பெரும்பாலும் ஐரோப்பிய ஒப்புதல் இருக்கும். சிறு நிறுவனம் இருபது விமானங்களுக்கு விற்ற ஒன்றுக்கு இருக்காது.

ஒரு உதாரணம். 1978 செஸ்னா 172-என் மாடல் 160 குதிரைத்திறன் லைகமிங் ஓ-320 இன்ஜினோடு ஆலையிலிருந்து வந்தது. அதை 180 குதிரைத்திறன் ஓ-360 ஆக மாற்றியிருப்பார்கள். கூடவே மெதுவாகப் பறக்கும்போது நிலைத்திருக்க இறக்கை முனையில் ஒரு மாற்றம், புதிய ப்ரொப்பெல்லர், பேனலில் ஒரு இன்ஜின் மானிட்டர். அமெரிக்காவில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எஸ்.டி.சி. இருக்கும், விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். ஐரோப்பாவில் நான்கில் ஒன்றுக்கு ஒப்புதல் இல்லாவிட்டாலும் விமானம் நின்றுவிடும்.

வழிகளை இந்த வரிசையில் தேடுங்கள். முதலில் ஈயாசா வெளியிடும் எஸ்.டி.சி. பட்டியலில் எண்ணைத் தேட வேண்டும். அதில் இல்லையென்றால், 2003 செப்டம்பர் 28க்கு முன் ஏதாவது ஒரு உறுப்பு நாடு அதே மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்திருந்ததா என்று பார்க்கலாம். அந்தப் பழைய ஒப்புதல்கள் இன்றும் செல்லும். அதுவும் இல்லையென்றால் சி.எஸ்.-ஸ்டான் என்ற தொகுப்பு. சாதாரணமான சிறு மாற்றங்களுக்கு ஈயாசா முன்கூட்டியே எழுதி வைத்த முறைகள் அதில் உள்ளன. மெக்கானிக் அதன்படி வேலை செய்து 123 எண் படிவத்தில் பதிந்தால் போதும், தனி ஒப்புதல் தேவையில்லை. ரேடியோ, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் மோட் எஸ் டிரான்ஸ்பாண்டர், மோதல் எச்சரிக்கைக் கருவியான ஃபிளார்ம், அவசர பீக்கன் எல்லாம் அதில் அடங்கும். இவற்றுக்கெல்லாம் வெளியே இருப்பதற்குப் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கு வடிவமைப்பு நிறுவனம், வரைபடம், கணக்கீடு என்று செலவு வளரும்.

பலர் யோசிக்காத கடைசி வழி, மாற்றத்தைக் கழற்றிவிட்டு விமானத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. அதை அமெரிக்காவிலேயே, அமெரிக்கப் பதிவில் இருக்கும்போதே செய்வதுதான் சிக்கனம். அங்கே இருக்கும் மெக்கானிக்குக்கு அந்த மாற்றம் பழக்கமானது, மூலப் பாகங்களும் அங்கேதான் சுலபமாகக் கிடைக்கும்.

எஃப்.ஏ.ஏ. தரும் ஏற்றுமதிச் சான்றிதழ் கட்டாயமா?

ஐரோப்பிய விதி கேட்பது, விமானம் கடைசியாகப் பதிவாகியிருந்த நாட்டின் அதிகாரி பதிவு மாறும் நேரத்தில் அதன் பறப்புத் தகுதி நிலையைப் பற்றித் தரும் அறிக்கை. அமெரிக்க விமானத்துக்கு அந்த வேலையைச் செய்வது 8130-4 எண் படிவத்தில் வரும் ஏற்றுமதி பறப்புத் தகுதிச் சான்றிதழ். எஃப்.ஏ.ஏ.யோ அது நியமித்த பிரதிநிதியோ விமானத்தை நேரில் பார்த்துத் தருவார். வருடாந்திர சோதனையைப் புதிதாக முடித்துவிட்டு அழைப்பது நல்லது.

இது இல்லாமல் கண்டெய்னரில் ஏற்றிவிட்டால் பின்னால் வாங்குவது மிகக் கடினம். விமானம் பிரித்துக் கிடக்கும், பதிவு நீங்கியிருக்கும், பார்க்க வேண்டியவர் அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் இருப்பார். இன்னொரு விஷயம்: இந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு பறக்க முடியாது. அது நிலை அறிக்கை மட்டுமே.

அமெரிக்கப் பதிவை எப்போது நீக்க வேண்டும்?

ஒரு விமானம் ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் பதிவாகியிருக்கக் கூடாது என்பது சிகாகோ உடன்படிக்கையின் 18ஆம் பிரிவு. அதனால் நடுவில் எந்த நாட்டுப் பதிவும் இல்லாத ஒரு இடைவெளி வந்தே தீரும். அந்த இடைவெளியில் விமானம் பறக்க முடியாது. இதைத் திட்டமிடாதவர்கள்தான் இடையில் சிக்குகிறார்கள்.

பறந்து வருவதாக இருந்தால், அதாவது கூஸ் பே, நார்சர்சுவாக், ரெய்க்யவிக் என்ற வடக்கு வழியில், பராமரிப்பு நடக்கப்போகும் விமான நிலையத்தில் இறங்கும்வரை அமெரிக்கப் பதிவு இருக்க வேண்டும். கூடுதல் எரிபொருள் தொட்டி வைத்தால் அதற்கும் 337 படிவமும், எடை வரம்பைத் தாண்டுவதற்குத் தனி அனுமதியும் வேண்டும். தொட்டியைக் கழற்றியதும் லாக் புக்கில் பதிவாக வேண்டும். கண்டெய்னரில் வருவதாக இருந்தால், முழுதாக நிற்கும்போதே ஏற்றுமதிச் சான்றிதழை வாங்கி, அதன் பிறகு பிரித்து, பதிவை நீக்கலாம்.

இங்கே மீண்டும் பூட்டும்போது யார் கையெழுத்து போடுவது என்பதையும் அந்தப் பதிவு நிலைதான் தீர்மானிக்கும். அமெரிக்கப் பதிவில் இருந்தால் எஃப்.ஏ.ஏ. உரிமம் உள்ள மெக்கானிக், நீங்கியிருந்தால் ஐரோப்பிய உரிமம் உள்ளவர். தவறான ஆள் கையெழுத்திட்டால் இறக்கை பூட்டிய வேலை முழுவதையும் மறுபடி சோதிக்க வேண்டிவரும்.

பதிவை நீக்கியதும் எஃப்.ஏ.ஏ. அதை எல்.பி.ஏ.வுக்கு நேரடியாகத் தெரிவிக்கும். விற்பவர் மின்னஞ்சலில் அனுப்பும் நகலை நம்பி இருக்க வேண்டியதில்லை.

ஒலிச் சான்றிதழ் என்று தனியாக ஒன்றா?

ஆம், பறப்புத் தகுதிச் சான்றிதழோடு சேர்த்து வாங்க வேண்டும். விமானத்தின் மாடல், அதிகபட்ச எடை, இன்ஜின், ப்ரொப்பெல்லர், சைலன்சர் எல்லாம் சேர்ந்த கலவைக்கு ஈயாசாவின் ஒலித் தரவுப் பட்டியலில் ஒரு வரி இருக்க வேண்டும். மேலே சொன்ன 180 குதிரைத்திறன் மாற்றம் மாட்டிக்கொள்ளும் இரண்டாவது இடம் இது. மாற்றத்துக்கு ஒப்புதல் இருந்தும், அந்த ப்ரொப்பெல்லரோடு சேர்த்து ஒலி அளவு பதிவாகியிருக்காது. ஜெர்மனியில் பல சிறு விமான நிலையங்கள் சத்தம் அதிகமான விமானங்களுக்கு நேரக் கட்டுப்பாடு வைத்திருப்பதால், சான்றிதழில் வரும் எண் பிறகும் உங்களைப் பின்தொடரும்.

ரேடியோவும் டிரான்ஸ்பாண்டரும் மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டும். ஐரோப்பாவில் 2018 தொடக்கத்திலிருந்து விமான ரேடியோக்கள் 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வேலை செய்ய வேண்டும். அமெரிக்காவில் இன்னும் 25 கிலோஹெர்ட்ஸ்தான். பேனலில் பழைய கிங் கே.எக்ஸ். 155 இருந்தால், எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

டிரான்ஸ்பாண்டரில் ஒரு மறைமுகச் சிக்கல் இருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவின் நெரிசலான வான்பகுதிகளில் விமானம் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் ஏ.டி.எஸ்.-பி. ஒலிபரப்பு கட்டாயம். பலர் அதற்குக் குறைந்த செலவில் 978 மெகாஹெர்ட்ஸ் கருவியை மாட்டினார்கள், சிலர் இறக்கை நுனி விளக்கின் இடத்திலேயே. 'ஏ.டி.எஸ்.-பி. உள்ளது' என்று விளம்பரத்தில் இருப்பதைப் பார்த்து வாங்குபவர் மோட் எஸ் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். ஐரோப்பா அந்த 978 அலைவரிசையைப் பயன்படுத்துவதில்லை. அந்த விமானத்தில் பழைய மோட் சி டிரான்ஸ்பாண்டர் மட்டும் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் மோட் எஸ் டிரான்ஸ்பாண்டர் புதிதாக வாங்க வேண்டும்.

மோட் எஸ் இருந்தாலும், விமானத்தை அடையாளம் காட்டும் அதன் 24 பிட் முகவரியை மாற்ற வேண்டும். அமெரிக்க முகவரிகள் 'ஏ' எழுத்தில் தொடங்கும், ஜெர்மன் முகவரிகள் 3சி முதல் 3எஃப் வரை. அவசர பீக்கனிலும் அப்படியே: 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கனில் நாட்டுக் குறியீடு எழுதியிருக்கும். அதை 211 என்ற ஜெர்மன் குறியீட்டுக்கு மாற்றி, புதிய பதிவெண்ணோடு பதிய வேண்டும். மாற்றாவிட்டால் விபத்து நேரத்தில் தேடல் அழைப்பு அமெரிக்காவுக்குப் போகும், அங்கே பழைய உரிமையாளரின் தொலைபேசி மணி அடிக்கும். மீட்புக்குழு இழக்கும் அந்த நிமிடங்கள் உயிர் சம்பந்தப்பட்டவை. இதைக் கடைசி வேலையாகத் தள்ளிப்போடாதீர்கள். 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள பழைய பீக்கனை 2009 பிப்ரவரியிலிருந்து செயற்கைக்கோள்கள் கேட்பதே இல்லை, அதைக் கழற்றிவிட்டுப் புதியது வாங்குங்கள்.

இந்த எல்லாவற்றுக்கும் ஜெர்மன் பதிவெண் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதனால் எண்ணை எல்.பி.ஏ.யிடம் சீக்கிரமே முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ஒற்றை இன்ஜின், 2 டன்னுக்குள் என்றால், ஜெர்மனியைக் குறிக்கும் டி-க்குப் பின் முதல் எழுத்து 'ஈ' ஆக இருக்கும். ரேடியோ நிலையத்துக்கான அலைவரிசை அனுமதியைத் தருவது எல்.பி.ஏ. அல்ல, கூட்டாட்சி வலையமைப்பு முகமை.

இன்ஜின் ஓவர்ஹால் ஆனது என்கிறார்கள். அது போதுமா?

யார் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. சாதாரண பிஸ்டன் இன்ஜினை உரிமம் பெற்ற தனி மெக்கானிக்கே ஓவர்ஹால் செய்து, அதாவது முழுதாகப் பிரித்துச் சரிசெய்து, லாக் புக்கில் எழுதுவது அமெரிக்காவில் சட்டப்படி சரி. ஐரோப்பாவில் ஆய்வு செய்பவர் அந்த ஒரு பத்தியோடு திருப்தியடைய மாட்டார். எந்தப் பாகம் மாறியது, என்ன அளவெடுத்தார்கள், எந்த அறிவுறுத்தல்களை நிறைவேற்றினார்கள் என்று கேட்பார். வேலை முறைப்படி முடிந்ததற்குப் பட்டறை தரும் 8130-3 வெளியீட்டுச் சீட்டு, அதுவும் ஐரோப்பிய ஒப்புதலும் சேர்ந்த இரட்டை வெளியீடாக இருந்தால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். இல்லையென்றால் பாக எண்களோடு கூடிய வேலைத்தாளையாவது விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். பணம் கைமாறிய பிறகு அதைத் தேடித் தர யாருக்கும் ஆர்வம் இருக்காது.

கட்டாயமாக நிறைவேற்ற வேண்டிய பறப்புத் தகுதி உத்தரவுகள் எல்லாம் முடிந்திருக்கின்றன என்று எப்படி உறுதி செய்வது?

விற்பவர் தரும் பட்டியலில் 'முடிந்தது' என்று இருப்பதை மட்டும் பார்க்காமல், எந்தத் தேதியில், எத்தனை மணி நேரத்தில், எந்த முறையில் என்று லாக் புக் பக்கத்தோடு சரிபார்க்க வேண்டும். அமெரிக்க விமானங்களுக்கு எஃப்.ஏ.ஏ. உத்தரவுகள் இங்கேயும் பொருந்தும். அதற்கு மேல் ஈயாசாவின் சொந்த உத்தரவுகளும் உண்டு.

பி.ஏ.-28 வாங்குபவர்கள் 2020-26-16 என்ற உத்தரவைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2018 ஏப்ரலில் டேட்டோனா பீச்சில் ஒரு பயிற்சி விமானத்தின் இறக்கை வானில் பிய்ந்த விபத்துக்குப் பிறகு வந்தது அது. இறக்கையின் முக்கிய உத்திரத்தில் கீழ்ப்பக்க போல்ட் துளைகளை மின்காந்தத்தால் விரிசல் தேடும் எடி கரன்ட் முறையில் சோதிக்கச் சொல்கிறது. எப்போது சோதிப்பது என்பதற்கு ஒரு கணக்கு: நடந்த 100 மணி நேரச் சோதனைகளை 100ஆல் பெருக்க வேண்டும், மொத்தப் பறப்பு நேரத்தில் மீதியை 17ஆல் வகுத்து அதோடு கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 5,000ஐ எட்டினால் சோதனை. 8,000 மணி நேரம் பறந்த ஒரு விமானத்தில் 40 சோதனைகள் நடந்திருந்தால் 4,000 உடன் 235 சேர்ந்து 4,235, இன்னும் எட்டவில்லை. 60 நடந்திருந்தால் 6,118, தாண்டிவிட்டது. லாக் புக் தொலைந்து இந்த எண்ணிக்கையைச் சொல்ல முடியாவிட்டாலும் சோதிக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியில் உழைத்த விமானங்களில் இதை விலை பேசும் கட்டத்திலேயே கேளுங்கள்.

செஸ்னாவில் தயாரிப்பாளரின் கூடுதல் துருப் பரிசோதனைகளைப் பாருங்கள். தனிப்பட்ட உபயோகத்துக்கு அமெரிக்காவில் அவை கட்டாயம் இல்லை என்பதால் பெரும்பாலும் செய்திருக்க மாட்டார்கள். ஐரோப்பியப் பராமரிப்புத் திட்டம் எழுதும்போது அவற்றுக்கு ஒரு பதில் இருந்தாக வேண்டும். புளோரிடா கடற்கரையில் வெளியே நின்ற விமானம் என்றால், செய்யத்தான் வேண்டும் என்பது எங்கள் கருத்து.

ஜெர்மனியில் வந்து இறங்கியதும் என்ன நடக்கும்?

பராமரிப்புத் திட்டம் ஒன்று எழுதி, அதன்படி நிலுவையிலுள்ள வேலைகளை முடித்து, பறப்புத் தகுதி மறுஆய்வு செய்ய வேண்டும். 2,730 கிலோவுக்குள் உள்ள தனிப்பட்ட விமானங்களுக்கு 2020 மார்ச் 24 முதல் பகுதி-எம்.எல். என்ற எளிய விதித்தொகுப்பு பொருந்துகிறது. உரிமை பெற்ற பராமரிப்பு நிறுவனம் காகிதங்களையும் விமானத்தையும் ஆய்ந்து எல்.பி.ஏ.வுக்குப் பரிந்துரை அனுப்பும். அதை வைத்துத்தான் எல்.பி.ஏ. சான்றிதழ் தரும், விரும்பினால் நேரிலும் வந்து பார்க்கும். இந்த நிறுவனத்தை விமானம் வாங்குவதற்கு முன்பே தேர்ந்தெடுத்து, 337 படிவங்களை அவர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். அந்த ஒரு நாள் ஆலோசனைக் கட்டணம் இந்த வேலையிலேயே மிகப் பயனுள்ள செலவு.

எடை போடுவதும் இந்தக் கட்டத்தில்தான். அமெரிக்க விமானங்களில் எடை பல வருடங்களாகக் கூட்டிக் கழித்த கணக்காகவே இருக்கும். மூன்று தராசில் ஏற்றி மட்டம் பார்த்து எடுத்தால் வெற்று எடை பெரும்பாலும் கூடுதலாக வரும். நான்கு பேர் பறக்கலாம் என்று நம்பி வாங்கியது மூன்று பேருக்குச் சுருங்கலாம்.

வரி எவ்வளவு?

2,000 கிலோவுக்குக் குறைந்த வெற்று எடை உள்ள விமானங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வழக்கமான சுங்க வரி 7.7 சதவீதம். சிவில் விமானங்களுக்கு வரிவிலக்கு உண்டு, ஆனால் நிபந்தனைகளோடு. பிரித்து, பதிவு நீக்கிக் கொண்டுவரும்போது அந்த நிபந்தனைகள் பொருந்துமா என்று சுங்க முகவரிடம் கப்பலேற்றும் முன் எழுத்தில் கேளுங்கள். அதற்கு மேல் இறக்குமதி வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி, ஜெர்மனியில் 19 சதவீதம். விலை 60,000 யூரோ, போக்குவரத்து 12,000 யூரோ என்றால், விலக்கு கிடைத்தால் வாட் 13,680 யூரோ. கிடைக்காவிட்டால் சுங்க வரி 5,544, வாட் 14,733. வித்தியாசம் ஆறாயிரத்து ஐந்நூறு யூரோவுக்கு மேல். வரி கட்டிய ஆணையின் நகலை விமானத்தின் கோப்பில் நிரந்தரமாக வையுங்கள். விற்கும்போது முதலில் கேட்பார்கள்.

இன்சூரன்ஸ்?

மூன்றாம் நபர் காப்பீடு ஐரோப்பிய விதி 785/2004இன்படி எடையைப் பொறுத்தது. 1,000 கிலோவுக்குக் கீழே 15 லட்சம் சிறப்பு எடுப்பு உரிமை அலகுகள் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), 2,700 கிலோவுக்குக் கீழே 30 லட்சம். செஸ்னா 152 முதல் வகையிலும் 172 இரண்டாவதிலும் வரும்.

அமெரிக்கப் பதிவிலேயே வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் பறந்தால் என்ன?

சட்டப்படி முடியும். அமெரிக்கக் குடிமகன் அல்லாதவர்கள் ஒரு அமெரிக்க டிரஸ்ட் பெயரில் பதிவை வைத்திருப்பார்கள், அதற்கு வருடக் கட்டணம். எஸ்.டி.சி. தலைவலி இருக்காது. ஆனால் வாட்டிலிருந்து தப்ப முடியாது. இங்கே வசிப்பவருக்கு 2022 ஜூன் 20 முதல் ஐரோப்பிய உரிமமும் தேவை. ஜெர்மன் உரிமத்தை மட்டும் வைத்து அமெரிக்கப் பதிவு விமானத்தில் ஜெர்மனிக்குள் மட்டுமே பறக்கலாம், எல்லை தாண்ட எஃப்.ஏ.ஏ. உரிமமும் வேண்டும். வருடாந்திர சோதனைக்குக் கையெழுத்திட எஃப்.ஏ.ஏ. ஆய்வு அதிகாரம் உள்ள மெக்கானிக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். அபூர்வமான மாற்றங்கள் நிறைந்த விமானத்துக்கு இதுவே நல்ல வழி. சாதாரண 172க்கு ஜெர்மன் பதிவுதான் நீண்ட காலத்தில் நிம்மதி.

பிரிட்டனிலிருந்து வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லைதானே?

2020 இறுதிவரை அப்படித்தான் இருந்தது. அதன் பிறகு பிரிட்டன் ஈயாசாவில் இல்லை. அங்கிருந்து வரும் விமானத்துக்கும் ஏற்றுமதிச் சான்றிதழ், பறப்புத் தகுதி மறுஆய்வு, சுங்கம், வாட் எல்லாம் உண்டு. பிரிந்த பிறகு பிரிட்டிஷ் அதிகாரிகள் மட்டும் ஒப்புதல் கொடுத்த மாற்றங்களைத் தனியாகக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஐரோப்பிய ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். 2020க்கு முன் ஈயாசா ஒப்புதலோடு செய்தவற்றில் பிரச்சினை வராது.